இனிஷியல் இல்லாத பெயர்

எங்கள் பங்குக் கோவிலுக்கு, அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு, புது பெஞ்சுகள் வாங்கினார்கள். ஒரு பெஞ்சுக்குப் பணம் கொடுத்தால் சாய்மானத்தில் பெயர் பொறிப்பார்கள். அப்பா நினைவாக நானும் ஒன்றுக்குக் கொடுத்தேன். மேலே அப்பா பெயர், கீழே ‘உபயம்’ என்று என் பெயர். பெஞ்சுகள் வந்து இறங்கிய அன்றே ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பெயருக்கு இனிஷியல் போடவில்லை. எங்கள் பங்கில் என் பெயரிலேயே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் பெஞ்சுக்குப் பத்துப் பைசா கொடுக்காதவர்.

இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாமல் முறுக்கிக்கொண்டு இருந்தேன். “கோவிலுக்குப் போறது உங்க பேரைப் படிக்கவா?” என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்ல?

இதற்கு நடுவில் மகளுக்குப் பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள். புனித தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைக்கு வருவதாக மனைவி நேர்ந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். காவல்கிணற்றில் இறங்கி, ஆட்டோ பிடித்து முதலில் வடக்கன்குளம் போனோம். நீலகண்ட பிள்ளையாக இருந்த தேவசகாயம் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது.

அவர் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பர். ஆடுமாடு செத்து, பயிர் அழிந்து, ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று நீலகண்டர் நொந்துபோய் இருந்தபோது டிலனாய், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் பைபிள் கதையைச் சொன்னாராம். யோசித்துப் பார்த்தால் நொந்தவனிடம் சொல்லக்கூடிய ஆறுதல் கதையே இல்லை அது. யோபு பக்கம் பக்கமாக ‘ஏன் எனக்கு?’ என்று கேட்கிறார். கடைசியில் கடவுள் பேசும்போது அதற்குக் காரணம் ஒன்றும் சொல்வதில்லை. ‘நான் பூமிக்கு அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்?’ என்று திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டும் ஒரு மனிதர் கடவுளை நோக்கி நடந்திருக்கிறார். நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.

வடக்கன்குளத்தில் அவருக்கு வைத்த பெயர் லாசர். தமிழில் தேவசகாயம். இரண்டுக்கும் ‘கடவுள் துணை’ என்றே பொருள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கடவுளைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஊர்த் திருக்குடும்பக் கோவிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோவில் அது. பலிபீடம் ஒன்று, அதில் வந்து சேரும் கூடம் இரண்டு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் என்பார்கள். சாதிவாரியாக உட்காருவதற்காக நடுவில் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல்தான் அது இடிபட்டது. அதற்கும் வழக்குப் போட்டார்கள். நன்மை (நற்கருணை) வாங்கப் போகிற இடத்தில்கூட ‘நான் யார் தெரியுமா?’ என்பதற்கு ஒரு சுவர் கேட்டிருக்கிறது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அங்கிருந்து முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழி. கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று பஸ்ஸையே தள்ளுகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. காற்றாடிமலை என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

கிறிஸ்தவர் ஆனதற்காக 1749-ல் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள் என்கிறது திருச்சபை. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள் என்கிறார்கள். அரண்மனை உத்தியோகஸ்தருக்கு எருக்கம்பூ மாலை! எனக்கு ஒரு எழுத்து குறைந்ததற்கே இரண்டு வாரம் கோபம். 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். சுடுவதற்கு முன் செபிக்க நேரம் கேட்டு முழந்தாளிட்ட இடம் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அதில் இருக்கும் குழிகளை மக்கள் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி மணியடிச்சான் பாறை. ஒரு சின்னக் கல்லால் தட்டினால் வெண்கலமணி மாதிரி ‘ணங்’ என்று கேட்கிறது. தட்டித் தட்டி அந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. ஒரு சிறுவன் தட்டிவிட்டுப் பாறைமேல் காதை வைத்துக் கேட்டான். நான் செல்போனை மனைவியிடம் கொடுத்து, “என் முகமும் கல்லும் சேர்ந்து வர்ற மாதிரி எடு” என்றேன். மூன்று தடவை தட்டினேன். பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், பெஞ்சு விஷயத்தில் மௌனமாக இருந்தவர்கள் பார்க்க வேண்டும். அப்புறம் நிழலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். காற்று இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மணிச்சத்தம் துளியும் இல்லை. நடுவில் என் முகம் மட்டும் பெரிதாக இருந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழித்துவிட்டேன்.

சாயங்காலம் நாகர்கோவில் போய், கோட்டாறு சவேரியார் கோவிலில் அவர் கல்லறைமுன் உட்கார்ந்தோம். 2012-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரோடு ‘பிள்ளை’ இருந்தது. சாதிப் பட்டம் எதற்கு என்று எதிர்ப்பு வந்தது, வத்திக்கான் எடுத்துவிட்டது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கொடுத்தபோது வெறும் தேவசகாயம்தான். இறந்து 270 வருடம் கழித்துப் பெயரில் ஒட்டியிருந்த மிச்சமும் உதிர்ந்திருக்கிறது.

சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருந்தேன். மகள், பேரன், வீட்டுக்கடன், என் முழங்கால்வலி என்று பதினொரு விண்ணப்பங்கள். அதைப் பிரிப்பதற்குள் பக்கத்தில் ஒரு குடும்பம் சத்தமாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைத் தொடங்கியது. நாங்களும் சேர்ந்துகொண்டோம். உமது பெயர், உமது ஆட்சி, உமது திருவுளம். அதற்கப்புறம்தான் எங்கள் அனுதின உணவு. ஐம்பது வருடமாகச் சொல்கிறேன், இந்த வரிசையைக் கவனித்ததே இல்லை. அதிலும் ‘எங்கள்’ என்றுதான் வருகிறது. ‘என்’ என்று ஓரிடத்திலும் இல்லை. என் சீட்டு அப்படியே நேர்மாறாக இருந்தது. சரி, அதைக் கிழித்துப் போட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன். முழங்கால் வலிக்கத்தானே செய்கிறது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன். தாமதமாகிவிட்டது. எங்கள் பெஞ்சில் ஒரு பாட்டியும் நான்கு பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் பொறித்த இடத்தில் பாட்டி நன்றாகச் சாய்ந்திருந்தார். பிரசங்கத்தின்போது லேசாகத் தூங்கினார்கூட. நான் வாசல் பக்கம் சுவரோரமாக நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் பெஞ்சுகளில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. நடுவில் பலிபீடம் நேராகத் தெரிந்தது.