சலமும் மற்றதும்

புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்தவர்கள் வன்னியில் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள். சந்தித்தால் ஒப்பரேசனைப் பற்றிக் கதைப்போம். சலம் சிந்துகிற கதையும் மெல்லிய குரலில் வரும். மற்றக் கதை, விறைப்பு வராத கதை, வராது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரே ஒப்பரேசனால் வருகிற இரண்டு கரைச்சல் என்றாலும், ஆறுகிற காலம் இரண்டுக்கும் வேறு வேறு.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிறேன். ஒப்பரேசன் கொழும்பில் நடந்தது. புரொஸ்டேட்டையும் அதோடு ஒட்டிய விந்துப் பைகளையும் எடுத்துவிட்டு, சலப்பையைக் கீழே சலக்குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். தையல் ஆறும்வரை சலம் போகக் கதீற்றர் குழாய். அது அவ்வளவு பெரிய சிரமமில்லை.

கதீற்றரைக் கழற்றியதும் கட்டிலை விட்டு இறங்கி நின்றேன். காலோடு ஓடியது. துளியாக இல்லை, ஓடியது. தாதி மிஸ் பதறவில்லை. "பம்பேர்ஸ் கொண்டுவந்தனீங்களோ ஐயா?" என்று மட்டும் கேட்டார். மனுசி பையைத் திறந்தாள். பிறகு டொக்டர் வந்து விளங்கப்படுத்தினார்: "சலத்தை மறிக்க உங்களுக்கு ரெண்டு துருசு இருந்தது. மேல இருந்தது புரொஸ்டேட்டோட போயிட்டுது. இனிக் கீழ இருக்கிறது தனிய மறிக்கப் பழகவேணும்." துருசு என்றால் குளத்து மதகு. வயல்காரனுக்கு அந்த விளக்கம் போதும்.

பழக்குவதற்குப் பயிற்சி இருக்கிறது. சபையில் காற்றுப் பிரிய வந்தால் எப்படி அடக்குவோம்? அந்தத் தசைதான். அதை உள்ளே இழுத்து 5 செக்கன் பிடித்து, அதே அளவு நேரம் விடவேண்டும். போகப்போக 10 செக்கன். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. சலம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. தசை எதுவென்று தெரிந்துகொள்ள ஒரு முறை செய்து பார்த்தால் காணும். 1948இல் ஆர்னோல்ட் கீகல் என்ற அமெரிக்க டொக்டர் பிள்ளை பெற்ற பெண்களுக்காகச் சொன்ன பயிற்சி இது. இதை மனுசிக்குச் சொன்னபோது, "அப்ப எங்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லித் தரேல்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து அவளும் செய்கிறாள்.

முதலில் இரவுதான் காய்ந்தது. படுத்திருந்தால் சிந்தாது, எழும்பினால் சிந்தும். காலையில் பரவாயில்லாமல் இருப்பது பின்னேரம் மோசமாகும், தசை களைத்துவிடுகிறது. இருமல், தும்மல், குனிதல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருக்கால் இறுக்கிக்கொள்ளப் பழகினேன். அதுதான் பயிற்சியிலேயே ஆகப் பிரயோசனமான பகுதி என்பேன். உர மூட்டை தூக்குவதும் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் குலுங்கிப் போவதும் மகனின் வேலையாகின. கிளினிக்குக்கு பஸ்ஸில் போவதை விட்டுவிட்டு ரயிலில் போனேன். 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம், ரயிலில் கக்கூஸ் இருக்கிறதே.

வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதைக் கொஞ்சக் காலம் நிறுத்தினேன். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாதே. கறுத்தக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனால், அங்கே சுற்றிச் சுற்றி பிளேன்ரீ வரும். தேயிலையும் கோப்பியும் சலப்பையைக் கிளறுகிறவை. "வேண்டாம்" என்றால் ஏன் என்று கேட்பார்கள். கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்துவிடுவேன். ஆனால் சிந்துகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. நம்முடைய வெயிலுக்குச் சலம் கடுத்து, சலப்பை இன்னும் அந்தரப்படும். கிருமித் தொற்றும் வரும்.

மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வந்தது. பம்பேர்ஸ் போய்ப் பெரிய பாட், பிறகு சின்ன பாட். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருசத்துக்குள் நல்லாக வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் வந்தது.

இனி மற்றது. கிளினிக்கில் "வேறை ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். பக்கத்தில் மிஸ், பின்னால் அடுத்த நோயாளி, கதவுக்கு வெளியே நம்முடைய ஊர்ச்சனம். எப்படிக் கேட்பது? ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன்: "எழும்பவில்லை. இனி எழும்புமா?" அவர் வாசித்துவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

விறைப்புக்கான நரம்புகள் புரொஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. 1982இல் பற்றிக் வோல்ஷ் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அவற்றைத் தப்ப வைத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். புற்றுநோய் நிற்கிற இடத்தைப் பொறுத்து இரண்டு பக்கத்தையும் காப்பாற்றலாம், அல்லது ஒன்றை, அல்லது ஒன்றையுமே முடியாது. எனக்கு ஒரு பக்கம். தப்பிய நரம்பும் சோர்ந்து போய்க் கிடக்கும், தெளிய ஒன்றரை இரண்டு வருசம் எடுக்கும் என்றார். சலம் காய்ந்த வேகத்தில் இதுவும் வரும் என்று பார்த்திருந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். வயதும் சீனி வருத்தமும் இருந்தால் இன்னும் பிந்தும். முன்பிருந்த அளவுக்கு எல்லாருக்கும் வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

விறைப்புக்கு உதவுகிற சில்டெனாஃபில் குளிசை எழுதினார். எழுதமுதல் நெஞ்சு வருத்தத்தைப் பற்றி விசாரித்தார். நாக்குக்குக் கீழே வைக்கிற நைற்றிரேற் குளிசை பாவிக்கிறவர்கள் இதைத் தொடவே கூடாது, பிரசர் ஆபத்தாக இறங்கிவிடும். கடையில் சும்மா வாங்கிப் போடுகிற மருந்தில்லை இது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பிந்தி வேலை செய்யும், ஆசை இல்லாவிட்டால் வேலையே செய்யாது.

இன்னுமொன்று: உச்சம் வரும், விந்து வராது. விந்துப் பையே இல்லையே. அந்தச் சுகம் விறைப்பு இல்லாமலும் வரும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அந்த நேரத்தில் கொஞ்சம் சலம் வந்தாலும் வரும். முதலே போய்விட்டு வந்து, ஒரு துவாயையும் விரித்துக்கொள்வது நல்லது. பிள்ளை வேண்டும் என்றிருக்கிற ஆட்கள் ஒப்பரேசனுக்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் மனுசியிடம் சொல்வதற்கு டொக்டரிடம் சொன்னதைவிடக் கூடுதல் காலம் எடுத்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை அவள் வேறு மாதிரி எடுத்திருந்தாள். "இஞ்சாருங்கோ, என்னிலை ஏதும் கோபமோ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அன்றுதான் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு பக்கத்தில் படுப்பதும் தொடுவதும் பழையபடி வந்தன. மற்றது வந்தபோது வரட்டும் என்று விட்டோம்.

இப்போது குளிசையோடு சில நாள் சரிவரும், சில நாள் வராது. காற்றை உறிஞ்சி விறைப்பைக் கொண்டுவருகிற வெற்றிட பம்ப் ஒன்றைப் பற்றியும் டொக்டர் சொல்லியிருக்கிறார். விறைப்பு இறங்காமல் அடியில் போடுகிற அதன் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாதாம். இன்னும் வாங்கவில்லை. புற்றுநோய் திரும்புகிறதோ என்று இரத்தத்தில் பார்க்கிற பி.எஸ்.ஏ. 0.2க்குக் கீழேயே நிற்கிறது. அறுவடைக்கு இறங்கும்போது மட்டும் சின்ன பாட் ஒன்று வைத்துக்கொள்கிறேன்.