265 எப்போது 9 ஆகும்?

வீட்டு மாடியில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க, ஏடிமெகா328பி என்ற எட்டு பிட் சில்லுக்காக முன்பு சி மொழியில் எழுதிய ஃபர்ம்வேரை (சில்லுக்குள்ளேயே இருந்து ஓடும் நிரலை) அண்மையில் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு மின்பலகையில் ஓடும் மைக்ரோபைத்தானுக்கு, அதாவது சிறு சில்லுகளுக்கான பைத்தானுக்கு, மாற்றினேன். வரிக்கு வரி மாற்றினால் ஒரு மாலையில் முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் டிஎச்டி22 சென்சார் ஒவ்வொரு அளவீட்டையும் 40 பிட்டுகளாக (0 அல்லது 1; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) அனுப்புகிறது: ஈரப்பதத்துக்கு இரண்டு பைட், வெப்பநிலைக்கு இரண்டு பைட், அந்த நான்கின் கூட்டலைச் சரிபார்க்கக் கடைசியில் ஒரு பைட். பழைய நிரலில் கூட்டல் எட்டு பிட் மாறியில் நடந்ததால், 255-ஐத் தாண்டியதும் எண் தானாகவே பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். அதை நான் எங்கும் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பைத்தானின் முழு எண்ணுக்கோ அப்படியொரு வரம்பே கிடையாது.

சென்சார் அளவைப் பத்தால் பெருக்கி இரண்டு பைட்டுகளில் அனுப்பும்; 65.2 என்பது 652, அதாவது 2 × 256 + 140. ஈரப்பதம் 65.2 விழுக்காடு, வெப்பநிலை 31.0 பாகை என்றால் பைட்டுகள் 2, 140, 1, 54. கூட்டினால் 197, பிழையில்லை. ஈரப்பதம் 72.0 ஆனால் 2, 208, 1, 54 என்று வந்து கூட்டுத்தொகை 265 ஆகிறது. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால் சென்சார் அனுப்புவதோ 256 போக மீதியான 9; இரண்டும் பொருந்தாததால் என் நிரல் பிழை என்றது. ஈரப்பதம் இன்னும் ஏறி 76.8-ஐ எட்டினால் முதலிரு பைட்டுகள் 3, 0 என்று மாறி, பிழை சுவடில்லாமல் மறைந்துவிடும். இப்படி வந்தும் போயும் இருந்ததால், மழையில் கம்பி நனைந்துவிட்டது என்றே நம்பி இரண்டு நாள் இணைப்புகளைக் குடைந்துகொண்டிருந்தேன். கீழ் எட்டு பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாயிற்று.

நேரக் கணக்கிலும் இதே சிக்கல்தான். சி நிரலில் குறியற்ற (எதிர்ம மதிப்பே இல்லாத) 32 பிட் எண்களைக் கழித்தால், கடிகாரம் இடையில் ஒரு சுற்று முடித்திருந்தாலும் விடை சரியாகவே வரும். பிக்கோவில் மைக்ரோபைத்தானின் மைக்ரோவினாடிக் கடிகாரம் ஏறத்தாழ 18 நிமிடத்துக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்புவதால், வெறும் கழித்தல் அவ்வப்போது எதிர்ம எண்ணைத் தரும்; டிக்ஸ்_டிஃப் என்ற ஃபங்ஷன் இதற்காகவே இருக்கிறது.

பிட்டுகளைப் படிக்கும் பகுதியை மட்டும் நான் பைத்தானில் எழுதவில்லை. சென்சாரின் சிக்னல் 0-க்கு 26 முதல் 28 மைக்ரோவினாடியும், 1-க்கு 70 மைக்ரோவினாடியும் உயர்ந்து நிற்கிறது. பழைய சில்லின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சுழற்சிக்கு 62.5 நானோவினாடி என்று எண்ணிப் பழகியவனுக்கு இது தாராளமான இடைவெளி என்றாலும், நினைவகத்தைத் துப்புரவு செய்ய பைத்தான் நடுவில் போய்விட்டால் சில பிட்டுகள் கைநழுவிவிடும். ஆகவே அந்த வேலையை பிக்கோவில் உள்ள ஆர்பி2040 சில்லின் பிஐஓ பகுதியிடம் (பைத்தானைச் சாராமல் தனியே ஓடும் சிறு வன்பொருளிடம்) ஒப்படைத்தேன்: சிக்னல் உயர்ந்து 45 மைக்ரோவினாடி கழித்து அது சென்சாரின் கம்பி இணைந்த முனையைப் பார்க்கிறது, இன்னும் உயர்ந்திருந்தால் 1, இறங்கியிருந்தால் 0. பைத்தான் கோப்புக்குள்ளேயே இருந்தாலும், அந்தச் சில வரிகள் வன்பொருளின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளிதான்.