அழிக்க அழிக்க முதன்மை எண்

ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் கொப்பியில் 73939133 என்று எழுதி, கடைசி இலக்கத்தை அழிறப்பரால் அழித்துக்கொண்டே வந்தான்.

7393913. 739391. 73939... கடைசியில் வெறும் 7.

அத்தனையும் முதன்மை எண்கள், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை!

வலப்பக்கமிருந்து இப்படி வெட்ட வெட்ட முதன்மை எண்ணாகவே நிற்பவை மொத்தம் 83தான், அதில் பெரியது இது.

ஒன்பதாவதாக ஒரு இலக்கம் சேர்க்க முடியாதா? இரட்டை எண்ணோ 5ஓ போட்டால் உடனே வகுபட்டுவிடும், 1 அல்லது 7 போட்டால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39, 45 என்று வந்து 3ஆல் வகுபடும், மிச்சம் 3ம் 9ம். அவற்றைப் போட்டால் வரும் எண்களுக்கும் வேறு காரணிகள் உண்டு, ஆனால் கையால் தேடினால் பஸ் கொட்டகலை தாண்டிவிடும்.

முதன்மை எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் எப்போதோ காட்டிவிட்டார். இந்த வகை மட்டும் எட்டு இலக்கத்தோடு நின்றுவிடுகிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.