சத்தம் வராத டேப்பெட்டை நம்பாதீர்கள்

வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. இதே கோளாறுக்குப் பிளக், பேட்டரி, பெட்ரோல் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். நன்றாகச் சூடேறியபின் சிக்னலில் நின்றால் ஐட்லிங் தள்ளாடி அணைந்துவிடும். அப்புறம் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. ஓரங்கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும்.

சர்வீஸில் பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், ஏர் ஃபில்டரையும் மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருந்தது. "டேப்பெட் பாருங்கண்ணே" என்று கேட்டேன். மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்டில் வைத்து, பிடியில் காதை வைத்து இரண்டு நொடி கேட்டார். "சத்தமே இல்ல சார், டேப்பெட் பக்காவா இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்புதான் என்னை இவ்வளவு அலையவிட்டது. டேப்பெட் என்று நாம் சொல்வது, வால்வைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே விடும் மயிரிழை இடைவெளியைத்தான். தேய்மானம் எப்போதும் இந்த இடைவெளியைக் கூட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேம், ராக்கர், அட்ஜஸ்டர் திருகின் நுனி தேய்ந்தால் கூடத்தான் செய்யும், டிக் டிக் என்று சத்தமும் வரும். ஆனால் வால்வின் விளிம்பும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்தால் கதை தலைகீழ். வால்வு சீட்டுக்குள் இன்னும் ஆழமாகப் பதியும். அதனால் வால்வுத் தண்டின் மறுமுனை கேமை நோக்கி ஏறிவரும், இடைவெளி சுருங்கும், சத்தமும் குறைந்துகொண்டே போகும். என் வண்டியைப் போல கேமுக்கு அடியில் பக்கெட்டும் (வால்வைக் கவிழ்ந்து மூடும் கிண்ணம்) ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வட்டத் தகடு) வைத்த இன்ஜினில், எண்ணெய்ப் படலத்தில் ஓடும் கேமும் பக்கெட்டும் மெதுவாகத்தான் தேயும். எனவே அங்கே பெரும்பாலும் இடைவெளி இறுகத்தான் செய்யும்.

புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். அது தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சூட்டில் தண்டு நீண்டு, இருந்த கொஞ்ச இடைவெளியும் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது. சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் (கம்ப்ரஷன்) கசியும், ஸ்டார்ட் ஆகாது. அப்படியே ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகிவிடும். ஆறியதும் தண்டு சுருங்கி வால்வு மறுபடி மூடிக்கொள்வதால்தான் காலையில் கோளாறே தெரியாமல் இருந்தது.

இன்னொரு பட்டறையில் கேட்டேன். "ஓட்டிட்டு வாங்க, உடனே அளந்து பார்த்துடலாம்" என்றார்கள். அந்தப் பயணமும் வீண். கையேட்டில் உள்ள அளவெல்லாம் முழுக்க ஆறிய இன்ஜினுக்கு உரியவை. ஓட்டிக்கொண்டு போன வண்டியில் உடனே ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். இரவு முழுதும் அங்கேயே நிறுத்திவைத்தால்தான் அளந்ததற்கு அர்த்தம் உண்டு.

கடைசியில் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே பிரித்தேன். டேங்க், ஹெட் கவர் எல்லாம் சிரமமில்லாமல் வந்துவிட்டன. கவனம் வேண்டியது, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி மார்க்கில்தான். நான்கு ஸ்ட்ரோக்கும் முடிவதற்குள் அது இரண்டு முறை வரும். இன்டேக் கேமின் மூக்கும் எக்ஸாஸ்ட் கேமின் மூக்கும் ஒன்றையொன்று பார்க்காமல் வெளிப்புறம் திரும்பியிருந்தால்தான் அது வால்வெல்லாம் மூடியிருக்கும் கம்ப்ரஷன் மேல்முனை, அளக்க வேண்டியது அங்கேதான்.

காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் இரண்டும் சரியாக இருந்தன. எக்ஸாஸ்டுக்குக் கையேட்டில் 0.20 முதல் 0.25 மி.மீ. வலது வால்வில் 0.15. இடது வால்வில் 0.10 தகடு வாயிலேயே முட்டி நின்றது. 0.08 தகடு லேசான பிடிப்போடு உள்ளே போனது. தகட்டை மெல்ல வெளியே இழுத்தபோது, இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு விடை கையில் கிடைத்த மாதிரி அவ்வளவு நிம்மதி.

கேமைக் கழற்றும் முன் செயின் குழியில் துணி அடைத்துவிடுங்கள். ஷிம்மைக் காந்தத்தால் எடுங்கள். மேலே பொறித்த எண் என் ஷிம்மில் தேய்ந்து போயிருந்தது. எண் தெளிவாக இருந்தாலும் அதை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளப்பதே சரி. இடது ஷிம் 2.60 இருந்தது. பழைய ஷிம்மோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழித்தால் புது ஷிம்மின் அளவு வரும். எனக்கு வந்தது 2.45. அதைப் போட்டால் இடைவெளி 0.23. போகப்போக இறுகத்தான் போகிறது என்பதால் மேல் எல்லையை ஒட்டி வைப்பது நல்லது. வலதுக்கும் அதே கணக்குதான்.

ஷிம் வாங்கப் போன இடத்தில் அடுத்த வம்பு. 2.45 என்று சொன்னதும், பழைய ஷிம்மை வாங்கிக்கூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்துப் பொட்டலம் கட்டினார் கவுன்டரில் இருந்தவர். விட்டத்தைக் கேட்டேன். "ஷிம்னா எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். பழையதை அதன் மேல் வைத்துக் காட்டினேன். என்னுடையது 7.5 மி.மீ., அவர் கொடுத்தது 9.5. பக்கெட்டுக்குள் உட்காரவே உட்காராது. என் விட்டத்தில் அந்தக் கனம் அவரிடம் இல்லை. தேடிப் பிடித்து வேறிடத்தில் வாங்கினேன். பழைய ஷிம்மைக் கையோடு எடுத்துப் போங்கள், கனத்தையும் விட்டத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

பூட்டியதும் கவரை மூடிவிடாதீர்கள். இன்ஜினைக் கையால் சில சுற்றுகள் சுற்றி ஷிம்மை நன்றாக உட்காரவிட்டு, திரும்ப டி மார்க்குக்குக் கொண்டுவந்து மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு இடதில் 0.23 தகடு சரியான பிடிப்போடு போனது. அன்றே நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, வேண்டுமென்றே அணைத்து, உடனே ஸ்டார்ட் செய்தேன். பட்டென்று பிடித்தது.

அளந்த இடைவெளி, போட்ட ஷிம், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். அடுத்த சோதனையைக் கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே செய்யப் போகிறேன். அதற்குள் இடது வால்வு மறுபடி வேகமாக இறுகியிருந்தால் இன்னும் மெல்லிய ஷிம் தேடி அலைய மாட்டேன். ஹெட்டைக் கழற்றி வால்வையும் சீட்டையும்தான் பார்க்க வேண்டும்.