சிவப்பு மனிதன்

இரவு பதினொன்றரை. இரண்டு பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் நடப்பவர்களுக்கான சிக்னலில் அந்தச் சிவப்பு மனிதனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டத்துக்குப் பயந்து இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார், அதனால்தான்.

அவர் செருப்பின் நுனி வெள்ளைக் கோட்டைத் தொட்டபடி இருந்தது. தாண்டவில்லை.

அப்புறம் ஒரு பையன் போனைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தான். அவ்வளவுதான். நாங்கள் இருவரும் முகம் பார்க்காமல் அவன் பின்னாலேயே போய்விட்டோம்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதித்தார். உடனிருந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தபடி தவறாகச் சொல்ல, சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூடவே தலையாட்டினார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்தத் தலையாட்டல் வெகுவாகக் குறைந்தது.

சரி, பெரியவர் ஏன் நின்றார்? ஒருவேளை என்னைப் பார்த்துத்தானோ என்னவோ.