மூன்று ஜீரோ நாட்கள், ஒரு பேரணி

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர மலைப்பாதையில் நடப்பவர்கள், ஒரு மைல்கூட நடக்காத நாளை 'ஜீரோ' என்பார்கள். இன்று, 2017 ஏப்ரல் 30, எனக்கு மூன்றாவது ஜீரோ.

அந்தப் பாதையில் ராக்ஃபிஷ் கேப் கணவாயிலிருந்து ஹார்பர்ஸ் ஃபெர்ரி ஊருக்கு சுமார் 160 மைல். கடைசியில் வரும் 'ரோலர் கோஸ்டர்' பதின்மூன்றரை மைலும் ஏற்றம் இறக்கம்தான். இறங்கி இறங்கி இடது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிகாலை ரயிலேறி, வாஷிங்டனை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்கில் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

"முதல்ல காலைக் காட்டுடா" என்றாள். எப்சம் உப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தாள். ஊசியை நெருப்பில் காட்டி, குதிகால் கொப்புளத்தை ஓரமாகக் குத்தி, நீரை மட்டும் வடித்தாள். மேல்தோலில் கை வைக்கவில்லை. அப்புறம் ரசம் சாதம், மூன்று தட்டு. சாயங்காலம் வரை தூக்கம்.

எழுந்ததும், மறுநாள் வாஷிங்டனில் நடக்கவிருந்த காலநிலைப் பேரணிக்கு அட்டை வரைய உட்கார்ந்தேன். நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் இணையதளத்தில் காலநிலை மாற்றப் பக்கங்களை எடுக்கிறது என்ற செய்தி அன்று இரவுதான் வந்தது. நான் வரைந்தது ஷெனன்டோவா சாலமாண்டரை, பல்லி போலத் தெரியும் ஒரு நீர்நில வாழ்வி. உலகத்திலேயே அது வாழ்வது ஷெனன்டோவா பூங்காவின் மூன்று மலைகளில் மட்டும்: ஹாக்ஸ்பில், ஸ்டோனி மேன், பினக்கிள்ஸ். வடக்குச் சரிவின் ஈரமான கற்குவியல்தான் வீடு. நுரையீரல் கிடையாது, தோலால் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். பூமி சூடேறினால் மற்ற உயிர்கள் இன்னும் உயரத்துக்குப் போகலாம். இது ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அந்த மூன்று மலைகளையும் போன வாரம்தான் கடந்தேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கற்களின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

"இந்தக் காலோட போகணுமா?" என்று கேட்ட அக்கா, சனிக்கிழமை காலை தானே தண்ணீர் பாட்டில்களோடு கிளம்பி நின்றாள்.

நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து பென்சில்வேனியா அவென்யூ வழியாக வெள்ளை மாளிகைப் பக்கம் ஊர்வலம். ஏப்ரலிலேயே 33 டிகிரி வெயில். தொல்குடி மக்கள் முன்வரிசையில் போனார்கள். அவர்களுடைய மேளம் பின்னால் இருந்த எங்களுக்கும் கேட்டது. கூட்டத்தோடு நின்று நின்று நடப்பது மலை ஏறுவதைவிட வலித்தது. ஒரு சிறுமி என் அட்டையைக் காட்டி "இது பல்லியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, தவளைக்குச் சொந்தம்" என்று ஆரம்பித்து மூன்று மலைகளின் கதையையும் சொன்னேன். "மலை உச்சிக்கு மேலே அது எங்கே போகும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இன்று காலை வீக்கம் வடிந்திருக்கிறது. நாளை மதிய ரயிலில் திரும்புகிறேன். பொட்டோமாக் ஆற்றுப் பாலம் தாண்டினால் கால்வாய்க் கரையோரம் மூன்று மைல் சமதரை. நகம் அதுவரை தாங்கும்.