சோலார் பேனல் மாட்டும் பயிற்சி: என் அனுபவம்

ஐந்து வருடம் வீட்டு வயரிங் வேலை பார்த்துவிட்டுத்தான் சோலார் டெக்னீசியன் பயிற்சிக்குப் போனேன். கரண்ட் நமக்குத் தெரிந்ததுதானே, கூரையில் பேனல் மாட்டுவதை மட்டும் பழகினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதலில் சேர்ந்த இடத்தில் ஸ்லைடு காட்டிக்கொண்டே இருந்தார்கள், ஸ்பேனரைக் கையில் கொடுக்கவே இல்லை. பத்து நாளில் விட்டுவிட்டேன். சேரப் போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: எத்தனை நாள் கூரையில் ஏற விடுவீர்கள்?

இரண்டாவது இடத்தில்தான் உண்மையான பாடம் ஆரம்பித்தது. வீட்டு வேலையில் சந்தேகம் வந்தால் மெயினை ஆஃப் செய்துவிடுவோம். பேனலுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் படுகிற வரைக்கும் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும், ஐசொலேட்டரை (பேனலையும் மற்ற சாமான்களையும் பிரிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்தாலும் பேனல் பக்கத்து வயர் லைவ்தான். போதாததற்கு இது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட். வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி. 50 ஹெர்ட்ஸ் ஏசி ஒரு வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது, அதனால் ஆர்க் (இடைவெளியில் தாவி எரியும் தீப்பொறி) வந்தாலும் அணைந்துவிட வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளி இல்லை, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் நின்று எரியும். "தம்பி, முதலில் கிளாம்ப் மீட்டரைப் போடு, ஆம்பியர் பூஜ்யம்தானா என்று பார், அப்புறம் கை வை" என்று பயிற்சி கொடுத்த சார் தினமும் சொல்வார். வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே கரண்டை அளக்கும் கருவிதான் கிளாம்ப் மீட்டர். ஐந்து வருடப் பழக்கத்தை மாற்ற எனக்கு அது தேவையாகவே இருந்தது.

ஹார்னஸ் (விழாமல் காக்கும் பெல்ட்), ஏணி, பேனலைத் தாங்கும் ரெயிலுக்கு மட்டம் பார்ப்பது எல்லாம் உடம்பு பழகப் பழக வந்துவிட்டது. கஷ்டப்படுத்தியது எம்.சி.4 கனெக்டர், அதாவது பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சொருகி. சுண்டுவிரல் அளவு சாமான். கேபிளின் இன்சுலேஷனை உரிக்கும்போது ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது, எல்லா இழையும் கனெக்டரின் உலோக பின்னுக்குள் போக வேண்டும், அதற்கென்று இருக்கிற கிரிம்பிங் டூலால்தான் அழுத்த வேண்டும், பின்னைக் கூட்டுக்குள் தள்ளும்போது 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். பிடிப்பு சரியில்லாத கனெக்டர் சூடாகிச் சூடாகி ஒரு நாள் உருகிவிடும். வேறு வேறு கம்பெனி கனெக்டர்களை ஒன்றோடொன்று சொருகுவதும் அதே ஆபத்துதான், பொருந்துகிற மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு விஷயம் வெப்பம். பேனல் லேபிளில் போட்டிருக்கும் வோல்டேஜ் பேனலில் கரண்ட் உண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது வருவது. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டிவிடும், வோல்டேஜ் பத்து சதவீதம் வரை இறங்கிவிடும். குளிரில் இதற்கு நேர்மாறாக ஏறும். அதனால் ஒரு ஸ்ட்ரிங்கில் (வரிசையாகத் தொடர்ந்து இணைத்த பேனல்கள், வோல்டேஜ் கூடிக்கொண்டே போகும்) எத்தனை பேனல் போடலாம் என்று கணக்குப் போடும்போது அந்த இடத்தின் மிகக் குளிரான காலையை நினைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் தாங்காது.

கடைசி செய்முறைத் தேர்வில் எட்டு பேனல் ஸ்ட்ரிங். ஒவ்வொன்றும் லேபிளில் 49.5 வோல்ட், மொத்தம் 396 வர வேண்டும், வெயிலுக்கு 360 பக்கம் எதிர்பார்த்தேன். மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. கை வியர்த்துவிட்டது. இன்வெர்ட்டருக்கு இன்னும் கொடுக்காததால் கரண்ட் ஓடவில்லை, அதையும் கிளாம்ப் மீட்டரில் உறுதி செய்துகொண்டு, ஸ்ட்ரிங்கை நடுவில் பிரித்தேன். முதல் நான்கு பேனல் 181, அடுத்த நான்கும் கிட்டத்தட்ட அதே. அப்படியானால் பேனலில் கோளாறு இல்லை, கீழே இறங்கும் கேபிளில்தான். நானே போட்ட கனெக்டரைத் திறந்து பார்த்தால் பின் முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கிறது. அவசரத்தில் அந்த 'டக்' சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. மறுபடி தள்ளி, இழுத்துப் பார்த்து, சொருகினேன்: 361. மைனஸ் குறி இல்லை, போலாரிட்டியும் (பிளஸ், மைனஸ் இணைப்பு) சரி.

அதன் பிறகு மெக்கர் டெஸ்ட் (இன்சுலேஷன் சரியா என்று பார்ப்பது), எர்த் டெஸ்ட் இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. இப்போது ஒரு குழுவோடு கூரை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்வெர்ட்டர் செட்டிங் இன்னும் சீனியர்தான் பார்க்கிறார், அடுத்து அதைத்தான் பழக வேண்டும்.